மேப்ரெட்யூஸ்: 13 மதிப்பெண்

அன்புள்ள ஐயா,

எம்.இ. கணினி அறிவியல் முடித்து ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பெருமளவு தரவைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்துச் செயலாக்கும் மேப்ரெட்யூஸ் முறையைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதினேன். வேலைக்கு வந்த பிறகு அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எல்லோரும் சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இரண்டு ஆண்டுகளை வீணடித்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. பாடத்திட்டத்தை ஆண்டுதோறும் மாற்றினால் என்ன? இனி நான் எதைப் படிப்பது?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

பாடத்திட்டம் பின்தங்குகிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்ட விதிமுறைகள் 2013, 2017, 2021 என்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாறின. இன்றைய மொழி மாதிரிகளுக்கு அடிப்படையான டிரான்ஸ்ஃபார்மர் என்ற வடிவமைப்பை முன்வைத்த கட்டுரை வெளிவந்தது 2017 ஜூனில். 2021 விதிமுறைக்கு அடுத்த ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. எத்தனை குழுக்களைக் கூட்டினாலும் இந்த வேகத்தைப் பிடிக்க முடியாது.

ஆனால் நீங்கள் சொன்ன எடுத்துக்காட்டே உங்கள் வாதத்துக்கு எதிராக இருக்கிறது. மேப்ரெட்யூஸ் என்பது கூகுளின் ஜெஃப் டீனும் சஞ்சய் கெமாவத்தும் 2004இல் ஒரு கட்டுரையில் வெளியிட்ட முறை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பரவல் அமைப்புகள் (பல கணினிகள் சேர்ந்து ஒன்றாக இயங்கும் அமைப்புகள்) பற்றிய முதுநிலைப் பாடம் ஒன்று உண்டு, 6.5840 என்பது அதன் எண். அங்கும் முதல் ஆய்வகப் பயிற்சி இதே பழைய மேப்ரெட்யூஸ்தான். மாணவர் அதை கோ (Go) என்ற நிரல் மொழியில் தானே எழுத வேண்டும். வேலையைப் பிரித்துக் கொடுக்க ஒரு நிரல், வாங்கிச் செய்யப் பல நிரல்கள். அவற்றில் ஒன்று பாதியில் செத்துப்போனால், பத்து விநாடி பார்த்துவிட்டு அதே வேலையை இன்னொன்றிடம் தர வேண்டும். செத்துவிட்டதென்று நினைத்தது உண்மையில் மெதுவாக ஓடிக்கொண்டிருந்து, கடைசியில் அதுவும் ஒரு விடையோடு வந்து நின்றால்? யாருடைய விடை செல்லும்? அரைகுறையாக எழுதப்பட்ட கோப்பை வேறொருவர் படித்துவிடாமல் எப்படித் தடுப்பது? இந்தக் கேள்விகளோடு மல்லாடியவருக்கு 2004 ஒரு பழைய ஆண்டாகத் தெரியாது.

நம் மாணவருக்கு வரும் கேள்வி வேறு: "மேப்ரெட்யூஸின் கட்டமைப்பைப் படத்துடன் விளக்குக." 13 மதிப்பெண்.

இணைப்புக் கல்லூரி முறையில் பாடத்திட்டத்தை வகுப்பவர் ஒருவர், நடத்துபவர் ஒருவர், வினாத்தாள் தயாரிப்பவர் இன்னொருவர், விடைத்தாள் திருத்துபவர் வேறொருவர். வினா எல்லாக் கல்லூரி மாணவருக்கும் பொருந்த வேண்டும். ஆகவே குறிப்பேட்டிலிருந்து அப்படியே எழுதக்கூடியதுதான் வினாவாகிறது. நாளைக்கே மொழி மாதிரிகளை ஐந்தாம் அலகில் சேர்த்துவிடலாம். "டிரான்ஸ்ஃபார்மரின் கட்டமைப்பைப் படத்துடன் விளக்குக" என்று கேட்பார்கள், அதையும் எழுதிவிட்டு வருவார்கள்.

ஆண்டுதோறும் மாறுகிற ஒன்று நம் எம்.இ. படிப்பில் ஏற்கெனவே இருக்கிறது. கல்லூரிகள் மிகுந்த ஊர்களில் 'புராஜெக்ட் சென்டர்' பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். பொறியாளர் அமைப்பான ஐ டிரிபிள் ஈ (IEEE) அந்த ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்புகளை வரிசையாக அடுக்கி, நிரலும் அறிக்கையும் சேர்த்தே விற்பார்கள். எந்தப் பாடக்குழுவும் அவ்வளவு வேகமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டதில்லை! மாணவர் தானே ஒன்றைச் செய்து பார்க்கத்தான் கடைசிப் பருவங்களில் புராஜெக்டை வைத்திருக்கிறார்கள். அதைத்தான் கடையில் விற்கிறார்கள்.

இன்னொன்று, புதியதைச் சேர்க்கச் சொல்பவர்கள் எதை நீக்குவது என்று சொல்வதில்லை. எம்.சி.ஏ. 2020-21 முதல் மூன்று ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டாகச் சுருங்கிவிட்டது. இடம் குறையும்போது முதலில் கணிதத்தில்தான் கை வைப்பார்களோ என்பது என் அச்சம். நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் தெரியாதவருக்கு அந்த 2017 கட்டுரையின் நடுப்பக்கங்கள் திறக்காது.

நான் கேட்பது ஆண்டுதோறும் புதுப் பாடத்திட்டம் அல்ல. அடிப்படைப் பாடங்களை அப்படியே விட்டுவிட்டு, விருப்பப் பாடங்களிலாவது நடத்துகிற ஆசிரியரே உள்ளடக்கத்தைத் தீர்மானிக்கட்டும், அவரே தேர்வும் வைக்கட்டும். மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்துவிடுவார்கள் என்று உடனே சொல்வார்கள். கொடுப்பவர்கள் இருப்பார்கள்தான். இப்போது மட்டும் அந்த மதிப்பெண் எதை அளக்கிறது? தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு இந்த உரிமை ஏற்கெனவே உண்டு. நான் பார்த்த சில கல்லூரிகள் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தையே தாள் எண்ணை மட்டும் மாற்றி வைத்திருந்தன. எனவே உரிமை இருந்தால் மட்டும் போதாது, ஆசிரியருக்குப் படிக்க நேரமும் வேண்டும். கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் குழுவுக்கும் என்.பி.ஏ. குழுவுக்கும் கோப்பு தயாரித்தே மாலையாகிவிடுகிறவரிடம் புதிய கட்டுரையைப் படித்தீர்களா என்று எப்படிக் கேட்பது?

நீங்கள் எதைப் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எம்.ஐ.டி. பாடத்தின் பயிற்சிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மேப்ரெட்யூஸிலிருந்தே தொடங்குங்கள். சற்றுப் பின்னர் ராஃப்ட் வரும். பல கணினிகள் ஒரே முடிவுக்கு வரும் வழியை, எளிதில் புரிய வேண்டும் என்பதையே குறிக்கோளாக வைத்து 2014இல் ஒங்காரோவும் ஆஸ்டர்ஹவுட்டும் எழுதிய முறை அது. மொழி மாதிரியிடம் நிரல் எழுதச் சொல்லாதீர்கள். எழுதி முடித்தபின் பிழை தேடச் சொல்லுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டு செய்வதென்றால் சில மாதங்கள் ஆகும்.