வீட்டு விமான சிமுலேட்டரில் துணை விமானி மென்பொருள் எதற்கு?

வீட்டுக் கணினியில் ஏர்பஸ் ஏ320 ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். உண்மை விமானத்தில் அங்கே ஒருவர் கட்டாயம் உண்டு. வேலைகள் இருவருக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டவை. அந்தக் காலி இருக்கைக்குக் குரல் கொடுப்பதுதான் இந்த மென்பொருள். எஃப்எஸ்2க்ரூ பலரும் அறிந்த ஒன்று.

ஓடுபாதையில் வேகம் கூடும்போது "ஹண்ட்ரட் நாட்ஸ்" என்று அது அறிவிக்கும். மேலெழுந்ததும் "பாசிட்டிவ் கிளைம்ப்" என்று குரல் வரும். நீங்கள் மைக்கில் "கியர் அப்" என்றால் சக்கரங்கள் உள்ளே மடங்கும். சரிபார்ப்புப் பட்டியலையும் அதுவே வரிவரியாகப் படிக்கும். நீங்கள் பதில் சொல்லும்வரை அடுத்த வரிக்கு நகராது. எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பொறுமைதான்.

பட்டியல் ஏன்? 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங் 299 புறப்பட்டவுடன் விழுந்து நொறுங்கியது. நிறுத்தி வைக்கும்போது வால் பகுதி காற்றில் ஆடாமலிருக்கப் போடும் பூட்டை யாரும் விடுவிக்கவில்லை. ஓட்டியவரோ கைதேர்ந்த விமானி. அதன் பிறகே எழுதிவைத்த பட்டியல் விமானிகளிடையே நிலைபெற்றது.

ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று ஒருவர் "கேஸ்?" என்று கேட்பார். மற்றவர் அடுப்படிக்குப் போய்க் குமிழைத் தொட்டுப் பார்த்து "மூடியிருக்கிறது" என்பார். அதேதான் இதுவும். தொடாமல் சொன்ன பதிலுக்கு மதிப்பில்லை.

இதைப் பலர் ஆட்டோபைலட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உயரத்தையும் திசையையும் பிடித்து வைக்கும் ஆட்டோபைலட் விமானத்தின் சொந்தக் கருவி, இந்த மென்பொருளோ கூட உட்கார்ந்து வேலையைப் பகிர்ந்துகொள்ளும் ஆள்.