ஈயும் பாடும்

ஐயா, வணக்கம். நவம்பரில் கிராஞ்சி சதுப்பு நிலத்தில் நாணல் கதிர்க்குருவியின் இனிய பாட்டைக் கேட்டோம். உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள் தமிழ்க் கட்டுரையில் ‘குருவி பாடுகிறது, ஈ இரைகிறது’ என்று எழுதியிருக்கிறாள். ‘பாட்டும் இரைச்சலும்’ என்ற தலைப்பு பொருந்துமா? பழ ஈக்களைப் போத்தலில் அடைத்துக் காதை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லையாம்.
- ஒரு வாசகி, சுவா சூ காங், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரி,

ஈப் போத்தலில் காதை வைத்த பிள்ளைக்காகத்தான் இந்தப் பதில். என் முத்தம் அவளுக்கு. உங்களுக்குத் திட்டு.

குருவியை முதலில் முடித்துவிடுகிறேன். நவம்பரில் நீங்கள் கேட்டது பெரும்பாலும் ‘சக் சக்’ என்ற அழைப்பொலியாக இருக்கும். முழுப் பாட்டு, அது கூடு கட்டும் சீன, ஜப்பானிய நாணற்காடுகளில்தான். அதுவும் ஒரே கரகரப்பு. பறவை என்றதும் கை தானாக எழுதிவிடுகிற ‘இனிய’வை அடித்துவிடுங்கள்.

பழ ஈ பாடும். ஆண், பெண்ணைத் தொடர்ந்து போய் முன்காலால் தட்டி, ஒற்றைச் சிறகை விரித்து அதிரச் செய்யும். அதுதான் பாட்டு. மெலனோகாஸ்டர் என்ற பழ ஈ இனத்தில் பாட்டின் துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி சுமார் 35 மில்லிவினாடி. அதன் பங்காளியான சிமுலன்ஸில் சுமார் 50. பெண் அதை உணர்கொம்பின் கிளைத்த இழையால் கேட்கும். சில மில்லிமீட்டர் தள்ளினால் எதுவும் எட்டாது. நம் காது எம்மாத்திரம்? குருவிக்குஞ்சு பெரிய பறவைகளைக் கேட்டுத்தான் பாடப் பழகும். ஈயைத் தனியே வளர்த்தாலும் பாடும். ஒப்பிடுவதானால் இதை ஒப்பிடச் சொல்லுங்கள்.

கேட்க முடியாததைப் பார்க்கலாம். கனிந்த வாழைப்பழத்தை மசித்துப் போத்தலில் அரை அங்குலம் போடுங்கள். மேலே ஒரு டிஷ்யூத் துண்டு, இல்லாவிட்டால் ஈ ஒட்டிச் சாகும். ஈக்களை விட்டு, போத்தல் வாயைப் பழைய காலுறைத் துணியால் கட்டுங்கள். வெயில் விழும் சன்னலோரம் வேண்டாம், 30 டிகிரியைத் தாண்டினால் ஆண்கள் மலடாகும், அடுத்த தலைமுறை வராது. 25 டிகிரியில் முட்டை ஈயாகப் பத்து நாள்.

எல்லோரும் கோட்டைவிடுவது இங்கேதான்: ஒரே போத்தலில் பொரித்த பெண்கள் சில மணி நேரத்திலேயே இணைசேர்ந்துவிடும். பிறகு வரும் ஆணை உதைத்துத் தள்ளும், பாட்டெல்லாம் எடுபடாது. ஆகவே கூட்டுப்புழு கறுத்ததும் ஈரத் தூரிகையால் எடுத்து ஒவ்வொன்றையும் தனிக் குப்பியில், கொஞ்சம் பழத்தோடு வையுங்கள். வெளிவந்து மூன்று நாள் கழித்து, வயிற்று நுனி கறுத்த சிறியதை, அதாவது ஆணை, பெண்ணிருக்கும் குப்பிக்குள் விடுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். ஒரு பக்கச் சிறகு மட்டும் விரிவது தெரியும்.

தலைப்பா? அதைப் பார்த்த பிறகு அவளே வைப்பாள். முடிந்ததும் குப்பிகளை மூடியபடியே ஃப்ரீசரில் ஓரிரவு வைத்துவிட்டுக் கழுவுங்கள். பால்கனியில் திறந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் எனக்குக் கடிதம் எழுதுவார்.