தாமத அபராதம் என்று சொல்லி பில் தொகையைப் பிடித்துக்கொள்ள முடியுமா?

கேள்வி: இயந்திர உதிரிபாகங்கள் தயாரிக்கும் சிறு தொழிற்கூடம் நடத்துகிறேன். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு பல ஆண்டுகளாக உள்ளது. ஒரு பெரிய நிறுவனம் மின்னஞ்சலில் அனுப்பிய பர்ச்சேஸ் ஆர்டரின்படி சரக்கு அனுப்பினோம். இடையில் அவர்களே டிராயிங்கை மாற்றியதால் மூன்று வாரம் தாமதமானது. மறுபேச்சில்லாமல் சரக்கை இறக்கிக்கொண்டு பயன்படுத்தியும் விட்டார்கள். நான்கு மாதம் கழித்து, ஆர்டரின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ள நிபந்தனைப்படி 10 சதவீதம் கழிப்பதாக டெபிட் நோட் வந்திருக்கிறது. ‘கணக்கு முழுமையாகத் தீர்ந்தது’ என்று கையெழுத்திட்டால்தான் மீதித் தொகை கிடைக்குமாம். வழக்கு என்றால் அவர்கள் நியமிக்கும் நடுவரிடம்தான் போக வேண்டும் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், அந்தத் தாளில் கையெழுத்திடாதீர்கள். வரவேண்டிய தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க, இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 63-ஆம் பிரிவு இடமளிக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு, ‘நெருக்கடியில் போட்டேன்’ என்று பின்னர் சொன்னால், அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். பணமுடை கடுமையாக இருந்தால், தரும் தொகையைப் ‘பகுதித் தொகையாக, எதிர்ப்புடன் பெறுகிறேன்’ என்று எழுத்தில் தெரிவித்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம்.

நீங்கள் ஆர்டரில் கையெழுத்திடவில்லை என்ற வாதத்தை நம்பி இறங்க வேண்டாம். ஆர்டரை ஏற்று சரக்கு அனுப்பியதே அதன் நிபந்தனைகளுக்கு இசைந்ததாகக் கொள்ளப்பட வாய்ப்பு அதிகம். உங்கள் பலம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒப்பந்தத்தில் 10 சதவீதம் என்று எழுதியிருப்பதால் மட்டும் அந்தத் தொகை தானாக அவர்களுடையதாகிவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி அது உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதையே பெற முடியும். 1963-இல் ஃபதே சந்த் வழக்கிலும், 2015-இல் கைலாஷ் நாத் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. நட்டமே ஏற்படாதபோது இழப்பீடு கிடையாது. நட்டத்தைக் கணக்கிட்டு நிரூபிப்பது கடினமான இனங்களில், அந்தத் தொகை நியாயமான முன்மதிப்பீடாக இருந்தால் ஏற்கப்படலாம். எனவே தாமதத்தால் என்ன நட்டம், அது எப்படிக் கணக்கிடப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலான டெபிட் நோட்டுகளில் இதற்குப் பதில் இருப்பதில்லை என்பது என் அனுபவம்.

இதைவிட வலுவானது அதே சட்டத்தின் 55-ஆம் பிரிவு. வணிகர்கள் பலரும் இதைக் கவனிப்பதே இல்லை. காலக்கெடு முக்கியமான ஒப்பந்தத்தில், கெடு தவறிய பிறகு வந்த சரக்கை ஒருவர் ஏற்றுக்கொண்டால், ஏற்கும் நேரத்திலேயே ‘தாமதத்துக்கு இழப்பீடு கோருவேன்’ என்று அறிவித்திருந்தாலொழிய, பின்னர் அதைக் கோர முடியாது. ஆகவே டெலிவரி சலானில் அவர்களுடைய ஸ்டோர்ஸ் முத்திரை பதிந்த நகலை எடுத்துப் பாருங்கள். அதில் கையால் எழுதிய குறிப்பு ஏதும் உண்டா, அந்த நாட்களில் ‘அபராத உரிமைக்கு உட்பட்டு’ என்று மின்னஞ்சல் வந்ததா, கெடுவை நீட்டித்த கடிதத்தில் அப்படி ஒரு வாசகம் ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். எதுவும் இல்லையென்றால் நான்கு மாதம் கழித்து வந்த டெபிட் நோட் மிகவும் பலவீனமானது. திருத்திய டிராயிங் வந்த மின்னஞ்சலின் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். தாமதத்தின் எத்தனை நாள் அவர்களைச் சேரும் என்பதை அதுவே காட்டும்.

அடுத்து, குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006. சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், வந்து சேர்ந்த நாளிலேயே ஏற்கப்பட்டதாகச் சட்டம் கொள்கிறது. பணம் தர ஒப்பந்தத்தில் 90 நாள் என்று எழுதியிருந்தாலும், ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் செல்லாது. அதன் பிறகு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டுமே இந்த உரிமை உண்டு. நடுத்தர நிறுவனங்கள் இதைக் கோர முடியாது. உங்கள் பதிவு ஆர்டருக்கு முந்தையது என்பது நல்லது. பதிவு பிந்தியிருந்தால் அதுவே தனி வழக்காக வளர்ந்துவிடும்.

இத்தகைய பாக்கித் தகராறுகளைத் தீர்க்க மாநில அரசு அமைக்கும், ஃபெசிலிட்டேஷன் கவுன்சில் எனப்படும் வசதியாக்கல் மன்றத்தில் 2006 சட்டத்தின் 18-ஆம் பிரிவின்கீழ் மனு செய்யுங்கள். சமரசம் தோற்றால் அங்கேயே நடுவர் விசாரணை தொடரும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் இழுக்கும். ஒப்பந்தத்தில் நடுவர் நிபந்தனை இருப்பது இந்த வழியைத் தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. தகராறில் நலன் உள்ள ஒரு தரப்பு தன்னிச்சையாக ஒரே நடுவரை நியமிப்பதும் 2019-இலேயே ஏற்க மறுக்கப்பட்டது. ஆனால் எதிர்த்தரப்பு எதிர்கோரிக்கை வைக்கலாம். அவர்கள் தரக்குறைவு என்று திடீரெனக் கிளப்பினால் வியப்படையாமல், ஆய்வு அறிக்கைகளைத் தயாராக வைத்திருங்கள். மன்றத்தின் தீர்ப்பை ரத்துசெய்ய அவர்கள் நீதிமன்றம் போனால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும்.

வாட்ஸ்அப் உரையாடல்களை ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் வைத்துக்கொண்டு ஃபோனை மாற்றிவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுச் சான்றுகளுக்குக் கேட்கும் சான்றிதழும் தேவைப்படும்.

விலைத்தொகைக்கு வழக்கிடப் பொதுவாக மூன்றாண்டு காலவரம்பு. கடன்தவணை எழுதியிருந்தால் அது முடிந்த நாளிலிருந்தும், இல்லையேல் சரக்கு சேர்ந்த நாளிலிருந்தும் எண்ணப்படும். ‘பேசி முடிக்கலாம்’ என்ற வாய்வார்த்தை அந்தக் கெடுவை நீட்டிக்காது. கெடு முடிவதற்குள் அவர்கள் கையொப்பமிட்டுக் கடனை ஒப்புக்கொண்ட எழுத்து வேண்டும். ஆண்டுக்கணக்கு முடிக்கும்போது அவர்களிடம் கேட்டு வாங்கும் நிலுவை உறுதிக் கடிதம் இதற்குப் போதும். டெபிட் நோட்டை மறுத்து ஒரு வாரத்துக்குள் ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் எழுதிவிட்டு, அந்த நிலுவை உறுதிக் கடிதத்தைக் கேளுங்கள்.