கீட்ஸின் பறவைக்குச் சாவில்லையா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நைட்டிங்கேல் பறவையைப் பற்றி ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் எழுதிய கவிதை குறித்து நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். நான் ஒரு கலைக்கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். ஆண்டுதோறும் பாடத்தில் வருகிற கவிதை அது. இந்த முறை ஒரு மாணவன் எழுந்து, "மேடம், 'நீ சாவதற்கென்று பிறந்தவள் இல்லை'ன்னு பறவையைப் பார்த்துச் சொல்றாரே, அது சில வருஷத்துல செத்துப்போயிடுமே, மனுஷன்தானே அதைவிட ரொம்ப நாள் இருக்கான்?" என்று கேட்டான். கைடில் உள்ள பதிலைச் சொன்னேன். அவர் சொல்வது அந்த ஒரு பறவையை இல்லை, பறவை இனத்தை என்று. அவன் விடவில்லை. "அப்படிப் பார்த்தா மனுஷ இனமும்தான் சாகலை" என்றான். மணி அடித்துவிட்டது. நான் தப்பித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இரவில் பாடுவது பெரும்பாலும் துணை கிடைக்காத ஆண் பறவைதான் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அதிலிருந்து கவிதையைப் பழையபடி படிக்க முடியவில்லை. தெரிந்துகொண்டது தடையாகிவிட்டதோ என்று தோன்றுகிறது. நம் சங்கப் பாடல்களில் இரவில் கூவும் அன்றிலோடு இதை ஒப்பிடலாமா?

(பெயர் வேண்டாம்.)

*

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதலில் உங்கள் மாணவனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். அவன் கேட்டது நூறு வருடத்துக்கும் மேலாகப் பெரிய பெரிய ஆட்கள் கேட்ட கேள்வி. கீட்ஸின் வாழ்க்கையை எழுதிய சிட்னி கால்வின் 1887-இலேயே இதை எடுத்துப்போட்டார்: மனிதன் பக்கம் தனி மனிதனின் ஆயுளை வைக்கிறார், பறவை பக்கம் இனத்தின் ஆயுளை வைக்கிறார், தராசு சரியில்லை, இது தர்க்கப் பிழை, கவிதைக்கும் இது குறைதான் என்றார். உங்கள் வகுப்பில் மணி அடிப்பதற்கு முன் அந்தப் பையன் வந்து நின்றதும் இதே இடத்தில்தான். அவனிடம் இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவான்.

கைடில் இருக்கும் பதிலை மிக அழகாகச் சொன்னவர் அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ். இந்த ஒரு வரிக்காகவே ஒரு கட்டுரை எழுதினார். ஜெர்மன் தத்துவவாதி ஷோபன்ஹவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, இன்று முற்றத்தில் விளையாடும் பூனையும் நூற்றாண்டுகளுக்கு முன் அங்கே துள்ளிய பூனையும் ஒன்றேதான் என்று சொல்லும் மனநிலையிலிருந்து படித்தால் வரி விளங்கிவிடும், ஆங்கிலேய விமர்சகர்கள் தனித்தனிப் பொருட்களை மட்டுமே நம்புகிறவர்கள் என்பதால் தடுமாறினார்கள் என்கிறார். கட்டுரை அருமையானது. ஆனால் எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. உங்கள் மாணவனின் இரண்டாவது கேள்விக்கு அதில் பதில் இல்லை. அதோடு, இனம் சாகாது என்பதை இன்று நாம் அவ்வளவு சுலபமாகச் சொல்லவும் முடியாது. இங்கிலாந்தில் நைட்டிங்கேல்களின் எண்ணிக்கை 1960-களிலிருந்து பார்த்தால் ஏறத்தாழ தொண்ணூறு விழுக்காடு குறைந்துவிட்டது. 2012-இல் நாடு முழுக்கக் கணக்கெடுத்தபோது பாடும் ஆண்கள் சுமார் 5,500 இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள், அதுவும் பெரும்பாலும் தென்கிழக்கு மாவட்டங்களில். அது கூடு கட்டுவது தரையை ஒட்டிய அடர்ந்த புதர்களில். மான்கள் பெருகி அந்தப் புதர்களை மேய்ந்துவிடுகின்றன, மரங்களை அடியோடு வெட்டித் துளிர்க்கவிடும் பழைய வழக்கமும் நின்றுபோனதால் காட்டுக்குள் அடர்த்தி குறைந்துவிட்டது, குளிர்காலத்தைக் கழிக்கப் போகும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் இடம் சுருங்குகிறது. ஆகவே இனத்தை நம்பி அந்த வரியை நிறுத்தினால் அதுவும் ஒருநாள் சரிந்துவிடும்.

சரி, அப்படியானால் என்ன சொல்வது? அந்த வரியைத் தனியாகக் கிள்ளி எடுத்து, அது ஒரு கருத்து, உண்மையா பொய்யா என்று பார்ப்பதால்தான் இவ்வளவு சிக்கலும் வருகிறது என்பது என் எண்ணம். அதை ஒருவர் ஓர் இரவில் ஒரு நிலையில் வாய்விட்டுச் சொல்கிறார். சொன்ன பிறகு அவருக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். ஏழாவது பத்தியை முழுக்க ஒருமுறை மெதுவாகப் படித்துப் பாருங்கள். "அழிவற்ற பறவையே" என்று கூப்பிட்டவர், அடுத்த வரியை விட்டு அதற்கடுத்த வரிக்கு வரும்போதே "இன்று நான் கேட்கும் இந்தக் குரல்" என்று மாற்றிவிடுகிறார். பறவை போய்க் குரல் வந்துவிட்டது. அந்தக் குரலை யார் யார் கேட்டார்கள் என்று அடுக்குகிறார். முதலில் பழைய காலத்துப் பேரரசனும் பாமரனும், அதாவது ஊரே கேட்டது. அப்புறம் ரூத். விவிலியத்தில் வருகிற மோவாபியப் பெண், புருஷனைப் பறிகொடுத்து மாமியாரோடு பெத்லகேமுக்கு வந்து, வேறொருவர் வயலில் சிந்திய கதிரைப் பொறுக்குகிறாளே அவள். சொந்த ஊர் நினைப்பில் கண்ணீரோடு நிற்கிறாள், ஒற்றை ஆள். அதற்கடுத்து கடலைப் பார்த்துத் திறந்து கிடக்கும் மந்திர ஜன்னல்கள். அங்கே கேட்பதற்கு ஒருவர்கூட இல்லை.

கவனித்தீர்களா, ஆள் குறைந்துகொண்டே போகிறது. முதலில் கூட்டம், பிறகு ஒருத்தி, கடைசியில் வெறும் ஜன்னல். குரல் சாகாதது என்று நிரூபிக்கத்தான் அவர் கிளம்பினார். சாட்சிகளைத் தேடிக்கொண்டே போய், யாருமே இல்லாத இடத்தில் வந்து நிற்கிறார். அந்த இடத்தில்தான் 'forlorn' (கைவிடப்பட்ட) என்ற தன் சொல்லே மணியோசைபோல ஒலித்துத் தன்னைத் தன்னிடமே திருப்பி இழுக்கிறது என்கிறார், எட்டாவது பத்தி தொடங்குகிறது, கற்பனை என்பவள் சொன்ன அளவுக்கு நன்றாக ஏமாற்றத் தெரிந்தவள் இல்லை என்று விடைகொடுக்கிறார். கால்வின் கண்டுபிடித்த பிழையைக் கீட்ஸ் பத்தே வரிக்குள் தானே கண்டுபிடித்துவிட்டார். அதைக் கண்டுபிடிப்பதுதான் இந்தக் கவிதையில் நடக்கும் நிகழ்ச்சி என்றே நான் சொல்வேன்.

இதற்கு அவர் ஐந்தாவது பத்தியிலேயே வழி செய்துவைத்திருக்கிறார். இருட்டு. காலடியில் என்ன பூ இருக்கிறது என்று தெரியவில்லை. புல், புதர், காட்டு மரம், முள்செடியின் வெள்ளைப் பூ, இலைக்குள் ஒளிந்த வயலெட், வரப்போகும் ரோஜா, எல்லாவற்றையும் வாசனையை வைத்து ஊகிக்கிறார். இந்த எண்பது வரியில் ஓரிடத்திலாவது பறவையைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறாரா என்று தேடிப் பாருங்கள், இல்லை. கண்ணால் பார்த்திருந்தால் பதினாறு சென்டிமீட்டர் நீளத்தில், செம்பழுப்பு வாலோடு, சாதாரணமான ஒரு சின்னப் பறவை தெரிந்திருக்கும், அதைப் பார்த்து "நீ சாவதற்கென்று பிறந்தவள் இல்லை" என்று சொல்ல வாய் வந்திருக்காது.

ஆனால் அவர் இதை எழுதியது காலையில். லண்டனின் ஹாம்ஸ்டெட்டில் அவரோடு வசித்த நண்பர் சார்லஸ் பிரவுன், பல வருடம் கழித்து எழுதிய நினைவுக்குறிப்பில் சொல்கிறார்: 1819 வசந்தத்தில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நைட்டிங்கேல் கூடு கட்டியிருந்தது, கீட்ஸுக்கு அந்தப் பாட்டில் இடைவிடாத நிம்மதி, ஒருநாள் காலை உணவு மேஜையிலிருந்து நாற்காலியை எடுத்துக்கொண்டுபோய்ப் புல்தரையில் பிளம் மரத்தடியில் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார், உள்ளே வந்தபோது கையில் சில துண்டுத் தாள்கள், அவற்றைச் சத்தமில்லாமல் புத்தகங்களுக்குப் பின்னால் செருகிக்கொண்டிருந்தார். கவிதையில் வரும் நள்ளிரவு, பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கட்டியெழுப்பிய நள்ளிரவு. அந்த இருட்டு அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

ஏன் தேவைப்பட்டது என்பதை மூன்றாவது பத்தி சொல்லிவிடுகிறது. இளமை வெளிறி, ஆவிபோல மெலிந்து செத்துப்போகும் உலகம் என்கிறார். தம்பி டாம் காசநோயில் இறந்தது 1818 டிசம்பர் 1 அன்று, வயது பத்தொன்பது. கூட இருந்து பார்த்துக்கொண்டவர் கீட்ஸ்தான், மருத்துவம் படித்து 1816-இல் உரிமம் வாங்கியவரும்கூட. அம்மாவும் அதே நோயில் போனவர். வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்லுங்கள்: பலரும் கீட்ஸ் தன் சாவை நினைத்து எழுதினார் என்று நடத்துகிறார்கள். அவர் முதன்முதலாக ரத்தம் துப்பியது 1820 பிப்ரவரியில். இந்தக் கவிதை அதற்கு ஒன்பது மாதம் முந்தையது. மே மாதக் காலையில் அந்த மரத்தடியில் இருந்தவர், தம்பியைப் புதைத்து ஆறு மாதம்கூட ஆகாத ஓர் அண்ணன்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. நீங்கள் படித்தது சரி. ஆண்தான் பாடுகிறது. ஏப்ரலில் ஆப்பிரிக்காவிலிருந்து முதலில் வந்து இடம் பிடிப்பது ஆண்கள். பெண்கள் பின்னால் இரவில் பறந்து வருகின்றன, கீழே எந்தப் புதரில் ஆள் இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரிவது அந்தப் பாட்டால். ஜோடி சேர்ந்ததும் பெரும்பாலும் இரவுப் பாட்டு நின்றுவிடும், முட்டையிடும் சமயத்தில் மறுபடி கொஞ்ச நாள் கேட்கும். துணை கிடைக்காதது மட்டும் பருவம் முழுக்க இரவிரவாகப் பாடும். கீட்ஸ் காலத்துக் கவிஞர்கள் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. பிரவுன்கூட 'அவள் கூடு', 'அவள் பாட்டு' என்றுதான் எழுதுகிறார். பழைய கிரேக்கக் கதையில் பிலொமெலா என்ற பெண் நைட்டிங்கேலாக மாறுவாள், அதிலிருந்து வரும் பழக்கம் அது.

ஆனால் ஒருவர் முன்பே விழித்துக்கொண்டார், கோல்ரிட்ஜ். 1798-இல் எழுதிய நைட்டிங்கேல் கவிதையில், இந்தப் பறவையைச் சோகப் பறவை என்பது சும்மா, இயற்கையில் சோகமானது எதுவும் இல்லை, மனம் நொந்த எவனோ ஒருவன் தன் துக்கத்தை இதன்மேல் ஏற்றிவிட்டான், மற்றவர்கள் அப்படியே பிடித்துக்கொண்டார்கள் என்கிறார், பறவையையும் 'அவன்' என்றே எழுதுகிறார். 1819 ஏப்ரல் 11 அன்று இந்த கோல்ரிட்ஜை கீட்ஸ் வழியில் சந்தித்து ஏறக்குறைய இரண்டு மைல் கூடவே நடந்தார். அமெரிக்காவில் இருந்த தம்பி ஜார்ஜுக்கு எழுதிய கடிதத்தில், அன்று பேசிய விஷயங்கள் என்று அடுக்கும் பட்டியலில் முதலில் வருவது நைட்டிங்கேல்தான். அவர் என்னை நோக்கி வரும்போது குரல் கேட்டது, விலகிப் போகும்போதும் கேட்டது, இடையிலெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தது என்றும் எழுதுகிறார். கொஞ்ச வாரம் கழித்து எழுதிய கவிதையின் முடிவில், பறவையின் பாட்டு பக்கத்துப் புல்வெளியைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, குன்றேறி, அடுத்த பள்ளத்தாக்கில் போய் அடங்குகிறது. எனக்கு இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும்.

இதோடு ஜான் கிளேரையும் படியுங்கள். கீட்ஸுக்கும் அவருக்கும் ஒரே பதிப்பாளர்கள். நார்தாம்டன்ஷயர் கிராமத்தில் பண்ணைக் கூலியாக இருந்தவர், புதருக்குள் தவழ்ந்து போய் நைட்டிங்கேலின் கூட்டைப் பார்த்தவர். ஓக் மரத்தின் காய்ந்த இலை, உள்ளே ஐந்து முட்டை, மங்கிய பச்சை, இல்லை இல்லை ஆலிவ் பழுப்பு என்று திருத்திச் சொல்வார். நகரவாசிகள் எல்லாரையும்போல கீட்ஸும் இயற்கையைக் கண்டு எழுதாமல் தன் கற்பனைக்குத் தோன்றியபடி எழுதினார் என்று அவர் குறைபட்டிருக்கிறார். கிளேர் சொல்வதில் நியாயம் உண்டு, அந்த முட்டையின் நிறத்தை கீட்ஸால் எழுதியிருக்கவே முடியாது. ஆனால் கிளேர் பறவையைத் தேடிப் போனார். கீட்ஸ் கேட்பவனைப் பற்றி எழுதினார்.

அதனால்தான் ஆண் பறவை என்று தெரிந்துகொண்டது தடையாக வேண்டியதில்லை என்கிறேன். நீங்கள் கேட்ட அன்றிலையே பாருங்கள். குறுந்தொகை 160, மதுரை மருதன் இளநாகனார் பாட்டு. "நெருப்பின் அன்ன செந்தலை அன்றில்", இறால் போல வளைந்த அலகுள்ள தன் பெடையோடு, உயர்ந்த கிளையில் கூட்டில் இருந்துகொண்டு நள்ளிரவில் நரலுகிறது, பிரிந்தவர்கள் செயலற்றுப்போகும்படி. வாடைக்காற்று வந்துவிட்டது, அவர் வரவில்லை, இதுதானா நம் காதலர் என்னை மணந்துகொள்ளும் லட்சணம் என்று தோழியிடம் கேட்கிறாள். அங்கே பறவை ஜோடியோடு இருக்கிறது, கேட்பவள் தனியாக இருக்கிறாள். ஹாம்ஸ்டெட்டில் கூவியது துணை தேடித் தவித்த ஆணாகவே இருந்திருக்கலாம், அதைக் கேட்டவர் உன் சந்தோஷத்தில் அளவுமீறித் திளைப்பதால்தான் நெஞ்சு வலிக்கிறது என்று முதல் பத்தியில் சொல்கிறார். இரண்டு இடத்திலும் பறவை தன் காரியத்தைப் பார்க்கிறது. தன்னிடம் எது இல்லையோ அதைத்தான் இருவருமே அந்தக் குரலில் கேட்கிறார்கள். ஒப்பிடலாமா என்றால் தாராளமாக ஒப்பிடலாம், ஒரு வகுப்பு முழுக்கவே இதை நடத்தலாம். ஒரு வித்தியாசத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்: நம் பாட்டில் தலைவிக்குக் கேட்க ஒரு தோழி இருக்கிறாள். கீட்ஸுக்கு அந்த இடத்தில் யாரும் இல்லை.

அடுத்த வகுப்பில் நீங்கள் விளக்க வேண்டாம். அந்த மாணவனையே எழுந்து ஏழாவது பத்தியையும் எட்டாவது பத்தியையும் நிறுத்தாமல் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், இடையில் கைடு வேண்டாம். படித்து முடித்ததும், கீட்ஸ் தான் சொன்னதை நம்பினாரா என்று மட்டும் கேளுங்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள், உண்மையிலேயே காத்திருப்பேன்.

அன்புடன்.