மிட்டாதாருக்கு முதல் கஞ்சி

அன்புள்ள ஆசிரியருக்கு,

சேர்வராயன் மலைக் காபிக் கிடங்கில் பதினேழு பேர் அடைத்துவைக்கப்படும் உங்கள் குறுநாவலைப் படித்தேன். உயிருக்கே உத்தரவாதமில்லாத அந்த இடத்திலும் ஒரு கிழவரை எல்லோரும் ‘மிட்டாதார் ஐயா’ என்கிறார்கள். கஞ்சியும் அவருக்குத்தான் முதலில். பட்டினி வந்தால் எல்லோரும் சமம் ஆகிவிட மாட்டார்களா? பழைய பெருமைக்கு நீங்கள் பல்லக்குத் தூக்குவதாகத் தோன்றியது.

ஆர்., அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள ஆர்.,

பல்லக்குத் தூக்கும் தோள்வலு எனக்கில்லை. ஆனால் பட்டினி மனிதர்களைச் சமமாக்கும் என்று நான் நம்பவில்லை. ஐரோப்பியக் கைதிகளுக்குக் கிடைப்பது அரசியல் கைதிகளான தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டு, லாகூர் சிறையில் 63 நாள் உண்ணாநோன்பிருந்து 1929இல் இறந்தார் புரட்சியாளர் ஜதீந்திரநாத் தாஸ். அடுத்த ஆண்டு வெள்ளை அரசு கொடுத்தது என்ன? ஏ, பி, சி என்று மூன்று வகுப்பு. வெளியே இருந்த அந்தஸ்தையும் படிப்பையும் வசதியையும் பார்த்து, உள்ளே ஒருவருக்கு நல்ல சாப்பாடு, இன்னொருவருக்குக் களி.

மிட்டாதார் என்பது ஏதோ பரம்பரைப் பட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கும்பெனி நம் மாவட்டத்து நிலத்தை மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலம் விட்டது. எடுத்தவர் மிட்டாதார். வரி பாக்கி விழுந்தால் மிட்டாவும் போயிற்று, பட்டமும் போயிற்று. 1948இல் ஜமீன், மிட்டா போன்றவற்றை ஒழிக்கும் சட்டம் வந்தது. 1950இல் அரசமைப்பின் 18ஆம் பிரிவு, ராணுவ, கல்விச் சிறப்புகள் தவிர, அரசு பட்டம் வழங்குவதையே நிறுத்தியது. ஆனால் என் பாட்டனார், ஒரு குழி நிலம்கூட மிஞ்சாத மிட்டாதார் வீட்டுப் பேரன் எதிரே வந்தாலும், சாகும்வரை தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பேசினார். துண்டைப் போட்டுக்கொள்ளச் சொல்லி நான் சண்டை போட்டதுண்டு. பலனில்லை.

கதையில் அந்தக் கிழவரே “இனி அப்படிக் கூப்பிடாதீர்கள்” என்று கெஞ்சுகிறார், கவனித்தீர்களா? மற்றவர்கள்தான் விடவில்லை. காவலன் அவர்களை எண் சொல்லிக் கூப்பிடுகிறான். அவர் மிட்டாதாராக இருந்தால்தான் இவன் கணக்குப்பிள்ளை, அவன் வண்டிக்காரன். அவரும் வெறும் ஒன்பதாம் எண் என்றாகிவிட்டால் ஊர் என்று ஒன்று இருந்ததற்குச் சாட்சி இல்லை. இதை அடிமைப் புத்தி என்று நீங்கள் சொன்னால் முழுக்க மறுக்கமாட்டேன். எழுதும்போது எனக்கு அது அவர்களுடைய பயமாகத்தான் தெரிந்தது.

உங்கள் கடிதத்துக்குப் பிறகு பிரதியை மறுபடி புரட்டினேன். நீங்கள் கேட்காத ஒன்று உறுத்தியது. கஞ்சி காய்ச்சுகிறவளை மற்ற பதினாறு பேரும் ‘ஏய்’ என்றுதான் விளிக்கிறார்கள். நானும் அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. அவள் எப்போது சாப்பிட்டாள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அது என் தவறுதான். மறுபதிப்பில் அவளுக்குப் பெயர் வைத்துவிடலாம். அந்தப் பதினாறு பேரில் யார் முதலில் அதைச் சொல்லிக் கூப்பிடுவார் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.