சளிக்கு அப்புறம் வந்த காது வலி – எண்ணெய் விடலாமா?

நாலு நாளா சளி, நேத்து ராத்திரிலேருந்து வலது காது குத்துது, படுத்தா இன்னும் ஜாஸ்தியாகுது, எண்ணெய் காய்ச்சி விடலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு விடாதீங்க. உள்ள ஜவ்வுல ஓட்டை இருக்கா இல்லையான்னு வெளிலேருந்து நமக்குத் தெரியாது, சூடு அதிகமானா தோலும் வெந்துரும்.

மொதல்ல காது ஓட்டைக்கு முன்னாடி இருக்கற சின்ன மேட்ட லேசா அமுக்கிப் பாருங்க, உயிர் போற மாதிரி வலிச்சா பெரும்பாலும் வெளிக்குழாய்ல பிரச்சனை. வலிக்கலன்னா, மூக்குக்குப் பின்னாடிலேருந்து காதுக்குப் போற குழாய் சளில அடைச்சு உள்ள அழுத்தம் ஏறியிருக்கும், உங்களுக்கு இதுதான்னு தோணுது. அதனாலதான் படுத்தா வலி கூடுது, ரெண்டு தலகாணி வெச்சு தலைய உசத்திப் படுங்க.

வெந்நீர்ல துணிய முக்கி நல்லா பிழிஞ்சு (சொட்டு கூட காதுக்குள்ள போகக் கூடாது), கன்னத்துல வெச்சு சூடு பார்த்துட்டு காது மேல 10 நிமிஷம் வைங்க. பாராசிட்டமால் 500 ஒண்ணு போடலாம், அடுத்ததுக்கு 6 மணி நேரம் விடுங்க, லிவர் பிரச்சனை இருந்தா மட்டும் டாக்டர கேட்டுட்டு போடுங்க. மூக்க பலமா சிந்தாதீங்க. பட்ஸ் பக்கமே போகாதீங்க, நான் ஒரு தடவ குடைஞ்சு பஞ்சு உள்ளயே மாட்டி டாக்டர்கிட்ட திட்டு வாங்கினதுதான் மிச்சம்.

2, 3 நாள்ல குறையலன்னா காட்டிருங்க. சீழ், ரத்தம், நல்ல ஜுரம், தலைசுத்தல், காது கேக்காம போறது, காதுக்குப் பின்னாடி வீக்கம், இதுல எது வந்தாலும் அன்னிக்கே போயிருங்க.