பெரிய தொழிலதிபராக இல்லாமல், சின்னதாக ஒரு வியாபாரம் செய்து குடும்பத்தை நடத்திய ஒருவரின் வாழ்க்கையைச் சொல்ல முடியுமா?

எங்கள் அப்பாவையே சொல்கிறேன். போன வருஷம் தை மாதம் காலமானார்.

காரைக்குடியில் வீட்டுப் பின்கட்டில் அடுப்புப் போட்டு, கல்யாணம், அறுபது எண்பது வயசுச் சாந்தி, தீபாவளி என்று செட்டியார் வீடுகளுக்கு ஆர்டர் பலகாரம் செய்து கொடுத்தவர். போர்டு கிடையாது, பில் புக் கிடையாது, ஒரு நாற்பது பக்க நோட்டுதான் ஆபீஸ். தேன்குழல், மாவுருண்டை, அதிரசம், மனகோலம் எல்லாம் உண்டு. விடியற்காலை பல்லவன் ரயிலில் சென்னைக்குக் கிளம்புகிறவர்கள் முதல் நாள் சாயங்காலமே வந்து டின்னை வாங்கிப் போவார்கள்.

பேர் அவருக்கு, கைப்பக்குவம் அம்மாவுக்கு. மனகோலத்துக்கு வெல்லப்பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருட்டி, தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் வரவேண்டும், கொஞ்சம் முந்தினால் பிசுபிசுக்கும், பிந்தினால் பல் போய்விடும். அந்தச் சத்தம் அம்மாவுக்குத்தான் பிடிபடும். யாராவது ஆச்சி வந்து பாராட்டினால் அப்பா கூச்சமே படாமல், "எனக்கென்ன தெரியும் ஆச்சி, பதம் பாக்குறதெல்லாம் எங்க வீட்ல அவதான், நான் மாவு மில்லுக்கும் மளிகைக் கடைக்கும் நடக்குறவன்" என்பார். அந்தக் காலத்து ஆம்பளை ஒருத்தர் இதை நாலு பேர் முன்னால் சொல்வது சாதாரண விஷயமில்லை.

சீப்புச் சீடை சுற்ற மட்டும் அவரும் உட்காருவார். அச்சில் பிழிந்த மாவுப் பட்டையைத் துண்டு போட்டு, ஆள்காட்டி விரலில் சுற்றி, நுனி இரண்டையும் ஒட்டி உருவ வேண்டும். அப்பாவின் விரல் தடிமனுக்கு அவர் சுற்றியதெல்லாம் பெரிய பெரிய வளையமாக வரும், அம்மா அதைத் தனியாக ஒதுக்கிவிடுவார், ஆர்டருக்குப் போகாது. பள்ளிக்கூடம் விட்டு வரும் எங்களுக்கு அதுதான். வேண்டுமென்றே சுற்றினாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

நல்ல வியாபாரி என்று ஊரில் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2021-ல் எண்ணெய் விலை தாறுமாறாக ஏறியபோது, அட்வான்ஸ் வாங்கியாச்சு, பேசினது பேசினதுதான் என்று பழைய விலைக்கே போட்டுக் கொடுத்தார், அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கு முந்தின வருஷம் ஊரடங்கில் வைகாசிக் கல்யாணமெல்லாம் தள்ளிப்போனது. பருப்பும் வெல்லமும் ஏற்கெனவே வாங்கிப் போட்டாச்சு, "இருக்கட்டும், அடுத்த முகூர்த்தத்துக்கு வச்சுக்கங்க" என்று பல பேர் சொல்லியும் கேட்காமல், அனுமதித்த நேரத்துக்குள் டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு வீடு வீடாக அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார். அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது அப்போதுதான்.

சென்னையிலிருந்து ஒரு கடைக்காரர் வாரா வாரம் சரக்குக் கேட்டார். ராத்திரி வேலை பார்த்தால்தான் கட்டுப்படியாகும். ஏழு மணிக்கு மேல் அடுப்பு எரியக்கூடாது, வேலைக்கு வரும் அக்காக்கள் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று மறுத்துவிட்டார். சொந்த வீடு கட்டியிருக்கலாம், இன்னும் வாடகை வீடுதான். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்பா இல்லாத நாள் எனக்கு ஞாபகமில்லை.

இப்போது அம்மாதான் ஆர்டர் எடுக்கிறார். எண்ணெய் விலை ஏறினால் ஏற்றித்தான் வாங்குவேன் என்று போனிலேயே முதலில் சொல்லிவிடுகிறார்.